சங்கு பாக்க வந்தவங்க

செருப்பப் போட்டுக்கோங்கம்மா, பரவால்ல. நெஜமாத்தான் சொல்றேன். இது கோயில் இல்ல, மியூசியம். தரை வேற ஜில்லுனு இருக்கும், அப்புறம் கால் வலிக்குதும்பீங்க. நீங்க மட்டும் இல்ல, வர்றவங்கள்ல பாதிப் பேரு கீழயே செருப்ப விட்டுட்டுத்தான் ஏறி வர்றாங்க. நம்ம ஊருல படி ஏறுனா மேல சாமி இருக்கும்னு ஒரு நெனப்பு. பக்கத்து மாடில பல்லு டாக்டர் இருக்காரு, அங்கயும் இதே கதைதான். பல்லப் புடுங்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு வந்து செருப்பத் தேடிட்டு நிப்பாங்க.

சந்திரகலாவா? கீழ டீக்கடைல அப்படித்தான் சொன்னாங்களா? மேல சந்திரகலான்னு ஒருத்தங்க டிக்கெட் குடுப்பாங்க, அவங்களக் கேட்டா எல்லாம் தெரியும்னு? ம்ம். சரி, வாங்க வாங்க. பையக் குடுங்க, மேசை மேல வெச்சுடறேன். வேணாமா? கையிலயே இருக்கட்டுமா? சரி, வெச்சுக்கோங்க.

இப்படி ரைட்டு பக்கமா வாங்க. இது நத்தை வகை, இது ரெண்டு மூடி இருக்கற சிப்பி வகை, அந்தப் பக்கம் பவளம், நட்சத்திர மீன், கடைசில சுறாத் தாடை, திமிங்கல எலும்பு. நடுவுல கண்ணாடிப் பெட்டில இருக்கறது சங்கு. ஐயய்ய, கும்புடாதீங்கம்மா! கைய எறக்குங்க. அங்க எழுதியிருக்கு பாருங்க, படிங்க. இது வலம்புரி இல்லை, தயவுசெய்து குங்குமம் வைக்காதீர்கள். ஆமா, அத எழுதி ஒட்டுன அன்னிக்கே அந்த அட்டை மேலயே ஒருத்தரு குங்குமம் வெச்சுட்டுப் போயிட்டாரு. அந்த செவப்பு அதான். தொடச்சுத் தொடச்சுப் பாத்தாச்சு, போவ மாட்டேங்குது.

அத விடுங்க, வர்றவங்க இந்தப் பெட்டிய மூணு சுத்து சுத்தாம போறதில்ல. யாரும் சொல்லிக் குடுக்கல. மலையச் சுத்துற ஊரு இல்லயா, கால் தானா சுத்துது. பௌர்ணமி அன்னிக்கு வந்து பாக்கணும் நீங்க. கிரிவலம் போறவங்க கும்பலா மேல ஏறி வருவாங்க. இன்னாடா, கடல் மேல இவ்ளோ ஆசையான்னு மொதல்ல நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இந்த ரோட்டுலயே எங்க பாத்ரூம்தான் சுத்தமா இருக்குதாம். அப்படி வந்தவருதான் ஒருத்தரு, வந்த வேலை முடிஞ்சதும் மனசு கேக்காம திமிங்கல எலும்பு முன்னாடி சூடம் ஏத்திட்டாரு. நான் ஓடிப் போயி அணைக்கறதுக்குள்ள பின்னாடி எட்டுப் பேரு கன்னத்துல போட்டுக்கறாங்க. அன்னில இருந்து தீப்பெட்டி இருக்கான்னு கேட்டுட்டுத்தான் டிக்கெட்டே கிழிக்கறது.

கேட்டீங்களே, நல்ல கேள்வி. கடலே இல்லாத ஊருல கடல் மியூசியம் ஏன்னு எல்லாரும்தான் கேக்கறாங்க. எல்லாம் இராமலிங்கம் சார் வேலை. ஸ்கூல்ல விலங்கியல் எடுத்தவரு. அவரு வீட்டம்மா தூத்துக்குடி பக்கம். லீவுக்கு மாமியார் வீட்டுக்குப் போனா அவனவன் மக்ரூன் வாங்கிட்டு வருவான், இவரு கோணிப்பைல சிப்பிய அள்ளிட்டு வருவாரு. முப்பது வருஷம் இப்படியே அள்ளியிருக்காரு. வீட்டுல அரிசி வெக்க எடமில்ல. கடைசில அந்தம்மா சொல்லிடுச்சாம், ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இதுங்க இருக்கணும், முடிவு பண்ணுங்கன்னு. ரெண்டு நாள் யோசிச்சுட்டு இந்த மாடிய வாடகைக்கு எடுத்துட்டாரு. அந்த ரெண்டு நாள் எதுக்கு யோசிச்சீங்கன்னு அந்தம்மா இன்னும் கேட்டுட்டு இருக்காங்க. இப்ப சாருக்கு முட்டி வலி, படி ஏற முடியல. ஞாயித்துக்கெழம மட்டும் வருவாரு. மத்த நாளெல்லாம் இங்க வேல செய்யற நாங்க ரெண்டு பொம்பளைங்கதான் பாத்துக்கறோம்.

இது சோழி. பல்லாங்குழி ஆடுவீங்களே, அதேதான். ஆனா இவ்ளோ பெருசு பாத்திருக்க மாட்டீங்க, புலிச்சோழின்னு பேரு. தொட்டுப் பாருங்க, எப்படி வழவழன்னு இருக்கு. இது முத்துச்சிப்பி. இல்லம்மா, உள்ள முத்து இல்ல, இருந்தா நான் இங்க நின்னு பேசிட்டு இருப்பேனா?

இத நல்லாப் பாருங்க, பாட்டில்ல இருக்கே. கடல் குதிரை. மூஞ்சி குதிரை மாதிரி, வாலு சுருள் பட்டாசு மாதிரி. ஒரு காலேஜ் லேப்ல பழசா இருந்தத சார் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. இதுல ஒரு விசேஷம் இருக்கு. இதுங்கள்ல ஆம்பளைதான் முட்டைய வயித்துப் பைல சொமந்து குட்டி போடும். பொம்பளை குடுத்துட்டு அது பாட்டுக்கு ஹாயா போயிடும். போன மாசம் ஒரு அம்மா இத கேட்டுட்டு வெளிய பைக்ல ஒக்காந்திருந்த வீட்டுக்காரரக் கைய புடிச்சு இழுத்துட்டு வந்து காட்டிச்சு. பாரு, நல்லா பாரு, இவன்தான் ஆம்பளைன்னுச்சு. அந்த மனுஷன் ஒண்ணும் புரியாம எனக்கு வணக்கம் வெச்சுட்டுப் போனாரு.

சிரிக்க மாட்டீங்களா? நான் இத சொன்னா சிரிக்காதவங்களே கெடயாதும்மா.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க சங்கு பாக்க வரலதான?

இல்லம்மா, முழிக்காதீங்க. புதன்கெழம மத்தியானத்துல, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கிட்டு, தலைல பூ வெச்சுக்கிட்டு, தனியா ஒரு அம்மா சிப்பி பாக்க வருவாங்களா? டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடியே எத்தினி பொண்ணுங்க இங்க வேல செய்றாங்கன்னு கேட்டீங்க. அடுத்தது, எத்தினி மணிக்கு வீட்டுக்குப் போவாங்கன்னு கேட்டீங்க. சுறாவோட தாடையக் காட்டுனேன், அழகா இருக்குன்னீங்க. அதுல பல்லு மூணு வரிசைல இருக்கும்மா, கொழந்தைங்க பாத்துட்டு அலறும். நீங்க அதப் பாக்கவே இல்ல. என் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தீங்க, எப்படா பேச்சு எடுக்கலாம்னு.

அபிநயாவப் பத்தி விசாரிக்கத்தான வந்திருக்கீங்க? ஜாதகம் பொருந்திடுச்சு, ஆளு எப்படின்னு பாத்துடலாம்னு?

அட, எதுக்கு இவ்ளோ வெக்கம்! தப்பே இல்ல. கத்திரிக்கா வாங்கவே நாலு வாட்டி திருப்பிப் பாக்கறோம், வீட்டுக்கு மருமக எடுக்கறதுன்னா சும்மாவா? நல்லா விசாரிங்க. கீழ டீக்கடை திருமலை அண்ணன் உங்கள சரியான எடத்துக்குத்தான் அனுப்பியிருக்காரு. அபிநயாவப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவளப் பெத்தவங்களுக்கே தெரியாது. ஒக்காருங்க, இந்த ஸ்டூல்ல. தண்ணி வேணுமா?

இன்னிக்கா? இன்னிக்கு டூட்டிதான். இங்கதான் எங்கயாச்சும் இருக்கும். அது வர்றப்ப வரட்டும், நீங்க கேளுங்க.

மொதல்ல நானே ஒண்ணு சொல்லிடறேன். ஏன்னா எப்படியும் அது உங்க காதுக்கு வரும். அந்தப் பொண்ணுக்கு போன வருஷம் ஒரு எடம் வந்து, பூ வெக்கற வரைக்கும் போயி, நின்னு போச்சு. ஆரணி பக்கத்து எடம். ஏன் நின்னுச்சுன்னு தெரியுமா? யாரோ வேண்டாதவங்க கோள் சொல்லி இல்ல. இந்தத் தெருவுல எல்லாரும் அவளப் பத்தி நல்லதாச் சொல்லித்தான் நின்னுச்சு.

ஆமாம்மா, கேளுங்க கூத்த. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தரு விசாரிக்க வந்தாரு. இதே மாதிரி, கைல பையோட. மொதல்ல துணி தேய்க்கற அயன்காரரக் கேட்டாரு. அயன்காரரு நல்ல மனுஷன், பொண்ணுக்கு எடம் அமையணுமேன்னு, தங்கமான பொண்ணு சார், தெருமுனை தாண்டுனதே இல்லன்னு சொல்லிட்டாரு. அடுத்தது வீட்டுக்கார அம்மா வேதா. அவங்க ஒரு படி மேல போயி, வெள்ளிக்கெழம ஆனா கோயில், மத்த நாளு வீட்டுல தையல், வேற ஒண்ணும் தெரியாதுன்னாங்க. அபிநயாவுக்கு ஊசில நூலு கோக்கவே வராது. திருமலை அண்ணன், ஸ்கூல் டீச்சர் சார் அதுன்னு சொல்லிட்டாரு. டீச்சர்னா மரியாதையா இருக்கும்னு அவருக்கு ஒரு நெனப்பு. இங்க அவ கூட வேல செய்யற அக்கா, அந்த அக்காவுக்கு அவ மேல உசுரு, வெள்ளைக்காரங்க வந்தா அந்தப் பொண்ணு உள்ள போயி கதவ சாத்திக்கும், நிமிந்து பாக்காதுன்னுடுச்சு. மியூசியத்துல கைடு வேல செய்யறவ கதவ சாத்திக்கிட்டா எப்படிம்மா சிப்பியக் காட்டுவா?

அந்த மாமா பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து எல்லாத்தையும் கூட்டிப் பாத்திருக்காரு. ஒரு பொண்ணு தெருமுனை தாண்டாது, ஒரு பொண்ணு தைக்குது, ஒரு பொண்ணு ஸ்கூல்ல பாடம் எடுக்குது, ஒரு பொண்ணு கதவ சாத்திக்குது. நாம பாத்த ஜாதகம் இதுல யாருதுன்னு தலையே சுத்திப் போச்சு அவருக்கு. எதையோ மறைக்கறாங்கன்னு நெனச்சுட்டாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்.

அந்த நேரம் பாத்து வீடியோ வேற போயி சேந்துச்சு. அது தப்பு வீடியோ இல்லம்மா, நெஞ்ச புடிக்காதீங்க! மண்டபத்துல, ராமேஸ்வரம் பக்கத்துல, சிப்பி சேகரிக்கற கேம்ப் ஒண்ணு நடந்துச்சு. பன்னெண்டு நாளு. சார் இவள அனுப்பி வெச்சாரு. படகுல போயி, ஆரஞ்சு கலரு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு, கண்ணுல கண்ணாடி போட்டுக்கிட்டு தண்ணில குதிச்சுப் பாக்கறது. படகுல மூணு ஆம்பளைங்க, இவ ஒருத்தி. இவ குதிக்கும்போது பயத்துல அண்ணாமலையாரேன்னு ஒரு கத்து கத்தியிருக்கா. அத யாரோ புடிச்சு சாருக்கு அனுப்ப, சாரு பெருமை தாங்காம ரிட்டயர்டு வாத்தியாருங்க வாட்ஸப்ல போட, அது ஆரணி வரைக்கும் போயிடுச்சு. தெருமுனை தாண்டாத பொண்ணு ராமேஸ்வரத்துல கடல்ல குதிக்குது. எப்படி இருக்கும் அவங்களுக்கு?

நின்னு போச்சு. போன்லயே சொல்லிட்டாங்க.

இவ அழுதாளான்னா, ஒரு நாள் அழுதா. மறுநாள் கோவம் வந்துடுச்சு. மாப்பிள்ளை வீட்டு மேல இல்ல, தெரு மேல. நான் செஞ்சதச் சொல்லியிருந்தா புடிச்சா கட்டியிருப்பாங்க, புடிக்கலன்னா போயிருப்பாங்க, எதுக்கு என்னை மறைச்சு வெச்சீங்கன்னு அயன்காரரப் போயி ஒரு புடி புடிச்சா. அவரு பாவம், பொட்டிய கீழ வெச்சுட்டு, நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்னு அழுவற மாதிரி ஆயிட்டாரு.

ஆனா அவங்க நைனா கண்ணாயிரம் இருக்காரே, அவரப் பாத்தாத்தான் மனசு கேக்கல. மல்லாட்டை வெதைச்சு கடலை புடுங்கற மனுஷன், நெலம் உண்டு தான் உண்டுன்னு இருப்பாரு. தெனம் காலைல டீக்கடைல நாலு பேரோட ஒக்காந்து டீ குடிச்சாத்தான் அவருக்கு பொழுது விடியும். அந்த ஆரணி எடம் நின்னதுல இருந்து கடைக்கே வர்றதில்ல. பொண்ணு விஷயம் என்னாச்சுன்னு யாராச்சும் கேட்டுடுவாங்களோன்னு வீட்டுலயே தூள் போட்டு குடிச்சுக்கறாரு. அவருக்கு டீ போடவே தெரியாது, கழனித்தண்ணி மாதிரி இருக்கும். அதக் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னு வேற சொல்லுவாரு. இந்த எடமாச்சும் அமைஞ்சா அந்த மனுஷன் மறுபடியும் தெருவுல நிமிந்து நடப்பாரு. அதுக்காக மறுபடியும் பொய் சொல்லி அமையணுமான்னா, வேணவே வேணாம்.

அதனால நான் உங்களுக்கு உள்ளது உள்ளபடி சொல்றேன். எழுதிக்கறீங்களா? பேனா தரட்டா?

சமையல். ரசம் நல்லா வெக்கும். சோறு பதமா வடிக்கும். அதோட சரி. சாம்பார் வெச்சா ஒரு நாள் பருப்பு ஜாஸ்தி, ஒரு நாள் புளி ஜாஸ்தி, என்னிக்கும் ரெண்டும் சேராது. கத்துக்குமான்னா கத்துக்கும், ஆனா கூட இன்னொருத்தரும் அடுப்பாண்ட நிக்கணும்னு எதிர்பாக்கும்.

பக்தி கம்மிதான். இந்த ஊருல பொறந்துட்டு பெரிய கோயிலுக்கு வருஷத்துக்கு நாலு வாட்டி போனா ஜாஸ்தி. ஸ்கூட்டில போவும்போது கோபுரத்தப் பாத்து ஒரு கும்புடு, அவ்ளோதான். வெரதம் எல்லாம் இருக்காது, பசி தாங்காது. பசிச்சா யாரு எவருன்னு பாக்காம வள்ளுனு விழும்.

வாயா? ஐயோ, அதக் கேக்காதீங்க. வாயி காதுல இருந்து காது வரைக்கும். ஒரு ஸ்கூல்ல இருந்து புள்ளைங்களக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு பொம்பளப் புள்ள நண்டு ஓட்ட கைல எடுத்து உத்துப் பாத்துட்டு இருந்துச்சு. கூட வந்த வாத்தியாரு, பொட்டப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, கீழ வெய்யின்னு அதட்டுனாரு. அபிநயா அந்தப் புள்ளையக் கூப்ட்டு, அலமாரியத் தொறந்து, எல்லா நண்டு ஓட்டையும் எடுத்து அது மடில போட்டுட்டு, வாத்தியார வெளிய பெஞ்சுல ஒக்கார வெச்சுடுச்சு. சார் கொஞ்சம் வெய்ட் பண்ணுங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் எதுக்குன்னு. வாத்தியாரு புகார் எழுதி வெச்சுட்டுப் போனாரு. அந்த நோட்டு இருக்கு, வேணும்னா காட்டறேன்.

வெள்ளைக்காரங்க கிட்ட பேசுமான்னா, பேசும். அது வேலைம்மா. ரமணாசிரமம் பக்கத்துல இருந்து தெனம் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வர்றாரு, எழுபத்தி நாலு வயசு. ஒக்காந்து சிப்பிங்கள படம் வரைவாரு. வாழப்பழம் கொண்டாந்து பாதிய இவளுக்கு குடுப்பாரு. இவ வாங்கித் தின்னுவா. ஊருல அதப் பத்தி ஒண்ணு ரெண்டு பேரு பேசறாங்க. அந்தத் தாத்தா வாழப்பழத்துக்கு மேல யாருக்கும் ஒண்ணும் குடுத்ததில்ல, அது எனக்குத் தெரியும்.

வயசு? ஜாதகத்துல இருபத்தெட்டுன்னு போட்டிருக்கா? அது சரிதான். நல்ல வேளை, அதுல யாரும் கைய வெக்கல.

நல்லதா? நல்லது எதுக்கு நான் சொல்லணும், அதத்தான் தெரு பூரா சொல்லுதே. சரி, ஒண்ணு சொல்றேன். மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசாது. கோவம் வந்தா அங்கயே கொட்டிடும், மறுநாளு மறந்துடும். உடம்பு முடியாதவங்கள நல்லாப் பாத்துக்கும். சாரோட வீட்டம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் ஆனப்ப பதினஞ்சு நாளு சொட்டு மருந்து போட்டது இவதான். அந்தம்மா சிப்பின்னாலே எரிஞ்சு விழுவாங்க. இவ மருந்து போட்டுட்டு, கண்ண மூடுங்கன்னு சொல்லி, கைல ஒரு சிப்பியக் குடுத்து, இது என்னா சொல்லுங்கன்னு வெளையாட்டு காட்டுவா. பதினஞ்சாவது நாளு அந்தம்மா தடவிப் பாத்தே பேரு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. சாரு அசந்து போயிட்டாரு.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதான் முக்கியம், இத நல்லா காதுல போட்டுக்கோங்க. வர்ற தை மாசம் மறுபடியும் மண்டபத்துல கேம்ப். அபிநயா போவும். கல்யாணம் ஆனாலும் போவும், ஆவலன்னாலும் போவும். வருஷத்துல பன்னெண்டு நாளு. குதிக்கறதுதான். கத்தறதும் கத்தும். இந்த வேலையையும் விடாது. உங்க வீட்டுக்கு அது ஒத்து வரலன்னா இப்பவே சொல்லிடுங்க, யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க. ஒத்துக்கற மாதிரி தலைய ஆட்டிட்டு, தாலி கட்டுனதுக்கப்புறம் மூஞ்சியத் தூக்கிட்டா மட்டும் ஆவாது. அது அவளுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

யோசிங்க, யோசிங்க. அவசரமே இல்ல.

நேர்ல பாக்கணுமா? பொண்ணயா?

பாத்துட்டுத்தானம்மா இருக்கீங்க.

ஆமா. நான்தான் அபிநயா. சந்திரகலா அக்கா மத்தியானம் சாப்புட வீட்டுக்குப் போயிருக்காங்க. ஐயோ, எழுந்துக்காதீங்க, ஸ்டூலு ஆடும், ஒரு காலு கட்டை அதுல. பையில போட்டோ வெச்சிருக்கீங்கதான? எடுங்க. எடுத்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. இல்லம்மா, என்னைக் குறை சொல்லாதீங்க, அது ஸ்டுடியோ பாலாஜி அண்ணன் கைங்கரியம். வெள்ளையடிக்கறது சரி, மூக்கக்கூட சன்னமா இழைச்சு விட்டிருக்காரு. எங்கம்மாவே கவரப் பிரிச்சுப் பாத்துட்டு, வேற யாரு வீட்டுப் பொண்ணோ மாறி வந்துடுச்சுன்னு திருப்பிக் குடுக்க ஸ்டுடியோவுக்குப் போயிடுச்சு. நான் வேற கண்ணாடி போட்டிருக்கேன், சாரோட பழைய லேப் கோட்ட மாட்டியிருக்கேன். நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்க?

திருமலை அண்ணனத் திட்டாதீங்க. நான்தான் சொல்லி வெச்சேன். அவரு கிட்ட, அயன்காரரு கிட்ட, வேதாம்மா கிட்ட, எல்லாரு கிட்டயும். என்னைப் பத்தி யாரு விசாரிச்சு வந்தாலும், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, மாடில சந்திரகலான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களக் கேளுங்கன்னு அனுப்பி வுடுங்கன்னு.

கோவமா? படுங்க, நியாயம்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சந்திரகலான்னு கூப்ட்டப்ப பேசாம இருந்தேன் பாருங்க, அது ஒண்ணுதான் நான் பண்ண திருட்டுத்தனம். மத்தபடி என் சாம்பாரு, என் வாயி, வாத்தியார் புகாரு, எல்லாம் உள்ளதுதான். எந்தப் பொண்ணு தன்னோட கல்யாணத்துக்கு தானே இவ்ளோ குத்தம் எடுத்துக் குடுக்கும், சொல்லுங்க? எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அந்த மண்டபம் விஷயத்தச் சொல்லும்போது நீங்க எழுந்து போயிடுவீங்களோன்னு உங்க பையையே பாத்துட்டு இருந்தேன்.

அப்பாடா, சிரிச்சுட்டீங்க! இருங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு, ஃபேன இப்படித் திருப்பறேன். ஒக்காருங்க அன்புச்செல்விம்மா.

பேரா? நீங்க சொல்லலதான். உங்க புள்ள கடை போர்டுல எழுதியிருக்கே. அன்புச்செல்வி மோட்டார் ஒர்க்ஸ், காயில் கட்டித் தரப்படும், வேங்கிக்கால்.

ஆமா, போனேன். அட, நீங்க மட்டும்தான் விசாரிப்பீங்களா? போன வியாழக்கெழம இதோ இந்த ஃபேனத்தான் தூக்கிட்டுப் போனேன். பிளக்குல ஒரு ஒயர நானே கழட்டி விட்டுட்டுப் போனேன். பின்ன? காயில் போச்சுன்னு கத சொல்றவரா, உள்ளதச் சொல்றவரான்னு தெரிய வேணாமா? உங்க புள்ள பிளக்கப் பிரிச்சாரு, பாத்தாரு, சிரிச்சாரு, ஸ்க்ரூவ முடுக்குனாரு. ஒண்ணும் இல்ல, எடுத்துட்டுப் போங்கக்கான்னாரு. அக்காவாம்! அத மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன், அவரு கிட்ட சொல்லி வெய்ங்க.

அப்புறம் சும்மா பேச்சு குடுத்தேன், கல்யாணம் ஆயிடுச்சா தம்பின்னு. பின்ன, அவரு அக்கான்னா நான் தம்பின்னுதான சொல்லணும்? அதுக்கு அவரு சொல்றாரு, அம்மா ஒரு பொண்ணு போட்டோ குடுத்திருக்காங்கக்கா, பாத்தாலே பயமா இருக்கு, பால்ல கழுவி எடுத்த மாதிரி இருக்கு, நம்ம கையெல்லாம் கிரீஸு, எப்படி ஒத்து வரும்னே தெரியல. வாயத் தொறந்து பேசுமான்னும் தெரியல, இங்க மோட்டார் சத்தத்துல கத்திப் பேசுனாத்தான் காது கேக்கும்னாரு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. ஃபேனத் தூக்கிட்டு ஓடியே வந்துட்டேன். டூல்ஸ் பெட்டி மேல உங்க போட்டோ ஒட்டி வெச்சிருக்காரும்மா. அதனாலதான் நீங்க படி ஏறும்போதே யாருன்னு தெரிஞ்சு போச்சு எனக்கு.

என்னாம்மா? புடிச்சிருக்கான்னா?

நல்லாக் கேட்டீங்க போங்க. புடிக்காமயா ஒரு மணி நேரமா நின்னு உங்களுக்கு ஒவ்வொரு சிப்பியா காட்டிட்டு இருக்கேன்? மத்தவங்களையெல்லாம் பத்தே நிமிஷத்துல சுத்திக் காட்டி அனுப்பிடுவேன்.